வால்யூமைத் தொடாதீங்க: திஸ் ஹீட் பத்தி ஒரு கடிதம்

வணக்கம் சார்,
போன வாரம் போற போக்குல திஸ் ஹீட்னு ஒரு இங்கிலீஷ் பேண்ட் பேரைச் சொல்லிட்டுப் போனீங்க. தேடிப் பிடிச்சு முதல் ஆல்பத்தைப் போட்டேன். ஆரம்பத்துல சத்தமே வரல, ஹெட்செட் போச்சு போலன்னு வால்யூமை முழுசா ஏத்துனேன், அடுத்த பாட்டு வந்து காதுல அறைஞ்சுது. அப்புறம் படிச்சுப் பார்த்தா ஆறு வருஷத்துல ரெண்டே ஆல்பம், அதுலயும் ஒரு ஆளுக்கு வாத்தியமே வாசிக்கத் தெரியாதாம். பாடகர் தற்கொலை பண்ணிக்கிட்டாரே, அந்த ஜாய் டிவிஷன் பேண்டுக்கு இருக்கற மாதிரி ஒரு கதையும் இல்ல. அப்படி என்னதான் இருக்கு இதுல? கோச்சுக்காதீங்க.
கே., ஈரோடு

அன்புள்ள கே.,

கோபமெல்லாம் இல்ல, சிரிச்சுட்டேன். நானும் அதே இடத்துல அறை வாங்கினவன்தான். உங்க ஹெட்செட் நல்லாத்தான் இருக்கு, வேணும்னேதான் அப்படிப் பண்ணி வச்சிருக்காங்க.

லண்டன்ல 1976 ஆரம்பத்துல சேர்ந்த மூணு பேர் இவங்க. பங்க்னு சொல்ற முரட்டு ராக் இசைக்குப் பேர் போன செக்ஸ் பிஸ்டல்ஸ் பேண்டோட முதல் சிங்கிள் வந்ததே அந்த வருஷ நவம்பர்லதான், அப்போ பங்க்குக்கு முன்னாடியே ஆரம்பிச்ச பேண்டை நாம போஸ்ட்-பங்க்னு, அதாவது பங்க்குக்கு அப்புறம் வந்ததுன்னு சொல்லிட்டு இருக்கோம், லேபிள் ஒட்டறவங்க பொழப்பு அப்படி. டிரம்ஸ் சார்ல்ஸ் ஹேவர்ட், கிடார் சார்ல்ஸ் புல்லன், ரெண்டு பேருமே நல்லா தேறின வாசிப்பாளிங்க. மூணாவது ஆள்தான் நீங்க சொன்ன கேரத் வில்லியம்ஸ். ரெகார்டு கடையில வேலை பார்த்தவர், பாட்டு கேட்டுக் கேட்டே காது பழுத்தவர், ஆனா கை பழகல. நீங்க அதைக் குறையா எழுதியிருக்கீங்க, எனக்கு என்னமோ அந்த பேண்டோட உயிரே அதுலதான்னு படுது. கை பழகினவன் விரல் தானா பழைய வழியிலேயே போகும் இல்லையா, பக்கத்துல வழியே தெரியாத ஒருத்தன் நின்னுட்டு இருந்தா மத்த ரெண்டு பேராலயும் அப்படிப் போயிட முடியாது.

அவங்க இருந்த இடத்தையும் சொல்லணும். பிரிக்ஸ்டன்ல மூடிக் கிடந்த ஒரு பை (pie) தொழிற்சாலை, மாவுக்குள்ள கறி அடைச்சு வேக வைக்கற தீனி பண்ற இடம், அங்க இறைச்சி வைக்கற குளிர் அறையைப் பிடிச்சு கோல்ட் ஸ்டோரேஜ்னே பேர் வச்சுட்டாங்க. வாசிச்சதையெல்லாம் டேப்புல பிடிக்கறது, வெட்டறது, ஒட்டறது, திரும்பக் கேக்கறது, இதுதான் வேலை. முதல் ஆல்பத்துல சாதா கேசட்டுல பிடிச்சதும் ஸ்டுடியோவுல பிடிச்சதும் பக்கத்துல பக்கத்துல வரும், மறைக்க நினைக்கவே இல்ல. அதுல 24 ட்ராக் லூப்னு ஒண்ணு இருக்கு பாருங்க, ஒரு துண்டு வாசிப்பை லூப்பா, திரும்பத் திரும்ப வர்ற மாதிரி சுத்த விட்டு, மிக்ஸிங் போர்டுல சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற ஃபேடரை ஏத்தி இறக்கியே முழு பாட்டையும் பண்ணிட்டாங்க. பேர் தெரியாம கேட்டா தொண்ணூறுகள்ல வந்த டான்ஸ் மியூசிக்னு சத்தியம் பண்ணுவீங்க, வெளியானது 1979.

ரெண்டாவது ஆல்பம் டிசீட், 1981. அதுக்கு அந்தக் காலம் தெரியணும். பிரிட்டன்ல அமெரிக்காவோட அணுகுண்டு ஏந்தற க்ரூஸ் ஏவுகணைகளை வைக்கறதுன்னு 1979 டிசம்பர்ல முடிவாச்சு, அடுத்த வருஷமே ப்ரொடெக்ட் அண்ட் சர்வைவ்னு அரசாங்கமே ஒரு கையேடு போட்டு 50 பென்ஸுக்கு வித்துச்சு. அணுகுண்டு விழுந்தா வீட்டுக் கதவைக் கழட்டி சுவத்துல சாய்ச்சு வச்சு அதுக்கடியில குடும்பத்தோட படுத்துக்கங்க, ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளையடிச்சுடுங்கன்னு அதுல சீரியஸா சொல்லியிருக்கு. இப்படி ஒரு நாட்டுல உக்காந்து வேற எப்படித்தான் பாடறது? இண்டிபெண்டன்ஸ்னு ஒரு பாட்டு, வரிகளெல்லாம் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்துல இருந்தே எடுத்தது, கிண்டலே பண்ணாம பாடறாங்க, அதனாலதான் அடிவயித்தைப் பிசையுது. ஜாய் டிவிஷன் ஒரு மனுஷனோட இருட்டுன்னா இது ஒரு ஊரே படற பயம், அதான் சொல்றதுக்கு ஒரு ஆளோட கதை இல்ல.

1982ல முடிஞ்சு போச்சு. வில்லியம்ஸ் விலகிட்டார், எங்க போனார்னு நினைக்கறீங்க, இந்தியாவுக்கு, கதகளி படிக்க. எனக்கு இதுல இருந்து இன்னும் மீள முடியல. வாசிக்கவே கத்துக்காம ஒரு பேண்டை நடத்தின ஆள், கண்ணு அசைக்கறதுக்கே வருஷக்கணக்குல பயிற்சி வேணும்கற கலையைத் தேடிப் போயிருக்கார். மத்த ரெண்டு பேரும் வேற ஆளுங்களைச் சேர்த்து ஒரு ஐரோப்பா டூர் போனாங்க, அதோட சரி. வில்லியம்ஸ் 2001ல இறந்துட்டார். ஹேவர்டும் புல்லனும் 2016ல அந்தப் பாட்டுகளைத் திரும்ப மேடையேத்தினப்ப பேண்டுக்கு வச்ச பேரு திஸ் இஸ் நாட் திஸ் ஹீட். அவர் இல்லாம அந்தப் பேரைப் போட்டுக்க மனசு வரலன்னு நான் நினைச்சுக்கறேன்.

நீங்க டிசீட்ல இருந்து ஆரம்பிங்க, ராத்திரி வேண்டாம். அது பழகினப்புறம் முதல் ஆல்பத்துக்குத் திரும்பி வாங்க, சத்தம் கேக்கலன்னா கேக்கலன்னே இருக்கட்டும், தயவுசெஞ்சு வால்யூமைத் தொடாதீங்க.