தாழக் கட்டிய நீளக் கம்பி: வாசகர் கேள்வி பதில்

ஹாம் வானொலியில் (பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பில்) தொலைதூர நிலையங்களைக் கேட்பதற்கான ஆண்டெனாக்கள் குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: மொட்டைமாடியிலிருந்து எதிரே உள்ள தென்னை மரத்துக்கு 40 மீட்டர் செம்புக் கம்பி இழுத்து, 1.8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கேட்டு வருகிறேன். சமிக்ஞையின் வலிமையைக் காட்டும் ரிசீவரின் மீட்டர் முள் நன்றாக ஏறுகிறது. ஆனால் பேச்சு முழுவதும் இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. கம்பியை இன்னும் உயரத்தில் கட்டினால் சரியாகுமா? வீட்டை ஒட்டி ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: உயர்த்த வேண்டாம். தாழ்த்துங்கள், அதோடு வீட்டைவிட்டு விலக்கிக் கட்டுங்கள். முள் ஏறுவதை நல்ல அறிகுறியாக நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் குழப்பத்தின் தொடக்கம். ஒலிபரப்பும் ஆண்டெனாவுக்கு ஆற்றலை வீணாக்காமல் வெளியே அனுப்புவது முக்கியம். கேட்கும் ஆண்டெனாவுக்கு அந்தக் கவலை கிடையாது, ஏனெனில் இந்தத் தாழ்ந்த அலைவரிசைகளில் எந்த நல்ல ரிசீவரும் தேவைக்கு மேற்பட்ட உணர்திறன் கொண்டதாகவே இருக்கிறது. இங்கே கணக்கில் வருவது, நாம் கேட்க விரும்பும் குரல் இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பது ஒன்றுதான். குரல் பாதியாகக் குறைந்து, இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அது நமக்கு லாபமே.

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ரிசீவரை 12 வோல்ட் பேட்டரியில் இயக்கிக்கொண்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால், குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ. அடங்காவிட்டால், பக்கத்துத் தோட்டத்தின் சோலார் பம்பையோ, மின்கம்பத்தில் பொறி தட்டும் பீங்கானையோ சந்தேகிக்கலாம். மாடியில் தொடங்கும் கம்பி இவை எல்லாவற்றையும் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறது.

ஆறு ஏக்கர் உள்ளவருக்கு நான் சொல்வது பெவரேஜ் ஆண்டெனா. தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில், ஓர் அலைநீளமோ அதற்கு மேலோ நேர்கோட்டில் ஓடும் ஒரே கம்பிதான் அது. 1.8 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 165 மீட்டர். உங்கள் தோப்பு ஏறத்தாழச் சதுரமாக இருந்தால் மூலைவிட்டம் 220 மீட்டர் வரை வரும். வரப்புகள் வடக்கு தெற்காக அமைந்திருந்தால், அந்த மூலைவிட்டம் தென்கிழக்கு மூலையிலிருந்து வடமேற்கு மூலைக்கு ஓடும். நம் ஊரிலிருந்து ஐரோப்பா இருக்கும் திசை வடமேற்குதான். லண்டனை நோக்கிய கோணம் சுமார் 320 பாகை. இதைவிடப் பொருத்தமான நிலம் அமைவது அரிது.

வடமேற்கு மூலையில் கம்பியின் நுனியை 470 ஓம் மின்தடை வழியாக, அங்கேயே மண்ணில் அடித்த எர்த் கம்பியில் இணைக்க வேண்டும். இது கார்பன் வகை மின்தடையாக இருக்கட்டும். கம்பி சுற்றிய வகை உதவாது, அதுவே ஒரு சுருளாக நடந்துகொள்ளும். ரிசீவருக்குச் செல்லும் கேபிளைத் தென்கிழக்கு மூலையில் இணைக்க வேண்டும். வடமேற்கிலிருந்து வரும் அலை கம்பியின் வழிநெடுகச் சிறுகச் சிறுகச் சேர்ந்து உங்களை வந்தடையும். எதிர்த்திசையிலிருந்து வருவது மறுமுனைக்குப் போய் மின்தடையில் வெப்பமாகத் தீர்ந்துவிடும். மின்தடையைக் கழற்றிவிட்டால் இரு திசைகளும் கேட்கும். அப்போது உங்களுக்குப் பின்புறத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் கிட்டத்தட்ட நேர்கோட்டில் அமைகிறது.

கம்பிக்கும் கேபிளுக்கும் இடையே ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் தேவை. டி.டி.எச். இணைப்புக்குப் பயன்படும் 75 ஓம் கேபிளே மலிவாகக் கிடைப்பதால் அதற்கே கணக்கிடலாம்: 73 வகை ஃபெரைட் (காந்தத்தன்மை கொண்ட பீங்கான் போன்ற பொருள்) இரட்டைத்துளை உள்ளகத்தில் கேபிள் பக்கம் 2 சுற்று, கம்பிப் பக்கம் 5 சுற்று. இரு பக்கத்துச் சுருள்களும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே இருக்க வேண்டும். கேபிளின் வெளிப்பின்னலை ஆண்டெனாவின் எர்த்தோடு சேர்த்துவிடாதீர்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். சேர்த்துவிட்டால், வீட்டின் இரைச்சல் கேபிளின் வெளிப்புறமாகவே நடந்து வந்து ஆண்டெனாவுக்குள் ஏறிக்கொள்ளும். இவ்வளவு தூரம் விலகிப் போனதற்குப் பயனே இல்லாமல் போய்விடும். கேபிளை மண்ணில் புதைத்து, வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் சுற்றிவிடுவது மேலும் நல்லது.

மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். தென்னையில் காயம் பட்ட இடத்தைச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரங்களுக்கு இடையே மூங்கில் கழி நட்டு, உச்சியில் பி.வி.சி. குழாய்த் துண்டைக் கட்டி, அதனுள் கம்பியை நுழைத்துவிடுங்கள். கழிக்குக் கழி இறுக்கி முடிச்சுப் போட வேண்டாம். மட்டை விழுந்தால் கம்பி வழுக்கிக்கொண்டு தொய்யும். முடிச்சுப் போட்டிருந்தால் அறுந்துவிடும். மின்வாரியக் கம்பிகளுக்கு மேலேயோ கீழேயோ எந்த இடத்திலும் உங்கள் கம்பி குறுக்கிடக் கூடாது. இன்னொன்று, கழிகளின் மேல் ஓடும் வெற்றுக் கம்பியைப் பார்த்தால் பன்றிக்குப் போட்ட மின்வேலி என்று ஊரில் பேச்சுக் கிளம்பும். பக்கத்துத் தோட்டக்காரர்களை அழைத்து முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது.

கட்டி முடித்ததும் மீட்டர் முள் வெகுவாக இறங்கியிருக்கும். மனம் தளர வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் இங்கே விடியும் நேரத்தில் ஐரோப்பா இன்னும் இருளில் இருக்கும். அந்த அரை மணி நேரத்தில் பழைய கம்பியையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். வேறுபாடு காதுக்கே தெரியும்.

கேள்வி: பெவரேஜ் என்றால் பானம் அல்லவா? ஓர் ஆண்டெனாவுக்கு இப்படியொரு பெயர் வரக் காரணம் என்ன? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: பானத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஹெரால்டு பெவரேஜ் என்ற அமெரிக்கப் பொறியாளர் கண்டறிந்த முறை இது. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் உள்ள ரிவர்ஹெட் என்ற ஊரில் அவர் இதற்கான சோதனைகளைச் செய்தார். 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெச்சூர் (ஹாம் வானொலி ஆர்வலர்), ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் என்ற ஊரில் கூடாரம் அடித்து, ஏறத்தாழ 1,300 அடி நீளப் பெவரேஜ் கம்பியுடன் அமர்ந்து, அமெரிக்க அமெச்சூர்களின் சமிக்ஞைகளை அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து பிடித்தார். ஆண்டெனாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்தக் கூடாரம்தான் என்பது என் எண்ணம்.

கேள்வி: எங்கள் உப்பளத்தை ஒட்டிய திறந்த வெளியில் 200 மீட்டருக்கு முறைப்படி பெவரேஜ் கட்டினேன். மரம் இல்லை, வீடு இல்லை. இருந்தும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. தவறு எங்கே? (வாசகர், வேதாரண்யம்)

பதில்: தவறு உங்களிடம் இல்லை, மண்ணில் இருக்கிறது. சரியாகச் சொன்னால், உங்கள் மண் அளவுக்கு மீறி நல்ல மண். மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத நிலத்தின் மேல் அலை ஓடும்போது அதன் அடிப்பகுதி மண்ணில் இழுபட்டுப் பின்தங்க, அலைமுகம் முன்புறமாகச் சாய்கிறது. அந்தச் சாய்வினால்தான் கம்பியின் நீளவாக்கில் மின்னழுத்தம் தோன்றுகிறது. உப்புநீர் ஊறிய தரை மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவதால் அலை நிமிர்ந்தபடியே போய்விடுகிறது; படுத்திருக்கும் கம்பிக்கு அதில் பங்கு கிடைப்பதில்லை. விவசாயி விரும்பாத வறண்ட செம்மண்ணும் பாறைக்காடும் பெவரேஜுக்கு உகந்தவை. கடலோரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் ஆண்டெனாவே ஏற்றது. ஒலிபரப்புவதற்குப் பொள்ளாச்சிக்காரர் உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியிருக்கும்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரைச் சுற்றி நீளக் கம்பி ஓட்டலாமா? (வாசகர், சென்னை)

பதில்: ஓட்டலாம், லிஃப்ட் மோட்டாரை நன்றாகக் கேட்கலாம். ஒரு மீட்டர் அகலமுள்ள சட்டத்தில் கம்பி சுற்றி, மாறு மின்தேக்கியால் (வேரியபிள் கெபாசிட்டர்) வேண்டிய அலைவரிசைக்கு இசைவித்து, கையால் திருப்பக்கூடிய லூப் ஆண்டெனா செய்துகொள்ளுங்கள். இரைச்சல் வரும் திசைக்குச் சட்டத்தின் தட்டையான முகத்தைக் காட்டினால் அது பெருமளவு அடங்கும்.

கேள்வி: இவ்வளவு நீளக் கம்பி இடியை இழுக்காதா? (இல்லத்தரசி, தேனி)

பதில்: தாழ்ந்த கம்பி இடியைத் தேடி இழுப்பதில்லை. ஆனால் அருகில் எங்கே மின்னல் இறங்கினாலும் ரிசீவரைப் பொசுக்கப் போதுமான மின்னழுத்தம் அதில் எழும். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் வாயு நிரப்பிய மின்னல் காப்பான் ஒன்றைப் பொருத்தி எர்த் செய்யுங்கள். அதையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். சித்திரை, ஐப்பசி மாதங்களில் கேட்டு முடித்த ஒவ்வொரு முறையும் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். வானம் இருட்டிய பிறகு கழற்றலாம் என்று காத்திருக்கக் கூடாது; இடி இடிக்கும்போது அந்தக் கேபிளைக் கையால் தொடவே கூடாது.