சாய்தளத்தைக் கழற்றினால் இடம் போதுமாம்

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன், வயது 48. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே ஃபெராரி ஆசை. 2001ஆம் ஆண்டு 360 மொடேனா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, ஓடியது 31,000 கிலோமீட்டர்தான். கையால் மாற்றும் கியர் நல்லதா, கிளட்ச் பெடல் இல்லாத எஃப்1 கியரா? பராமரிப்பு உண்மையிலேயே அவ்வளவு செலவா? கராஜுக்கு எபொக்ஸி தரையும் ஈரப்பதம் உறிஞ்சும் மெஷினும் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கே அம்மாவின் சக்கர நாற்காலிக்குப் போட்ட சாய்தளத்தைக் கழற்றினால் இடம் போதும். குளிருக்குள் அம்மா எப்படியும் வெளியே போவதில்லை. மனைவிக்குத்தான் விருப்பமில்லை. எப்படிச் சமாளிப்பது?

பதில்: தம்பி, கையால் மாற்றும் கியர்தான். வாங்கும்போது விலை கூட, ஆனால் விற்கும்போதும் அந்த விலை நிற்கும். எஃப்1 கியரை இயக்குவது ஹைட்ராலிக் பம்ப். மாலை நேரத்து 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளட்ச் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

31,000 கிலோமீட்டரைப் பார்த்து மயங்க வேண்டாம். எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் ரப்பர், ஓடாமல் நின்றாலும் அதற்கு வயதாகும். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும், அதோடு எஞ்சின் போச்சு. முந்தைய மாடலான எஃப்355இல் பெல்ட் மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். 360இல் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் மூடியைத் திறந்து மாற்றலாம், அது ஒரு நிம்மதி. கடைசியாக மாற்றிய பில்லைத் தேதியோடு கேளுங்கள். உள்ளே பிளாஸ்டிக் பொத்தான்கள் பிசின்போல ஒட்டும், அது இந்தக் கார்களின் பரம்பரை நோய். காரைப் பழைய கார் விலைக்கு வாங்கலாம், உதிரிப்பாகத்துக்கு ஃபெராரி விலைதான்.

ஆசையை நான் குறை சொல்லவில்லை. நிமிடத்துக்கு 8,500 சுற்றுவரை ஏறும் அந்த வி8 எஞ்சினின் சத்தத்தை ஒருமுறை கேட்டவருக்குப் பிறகு எந்தக் காரும் சப்பென்றுதான் இருக்கும். இத்தாலிய வடிவமைப்பு நிறுவனம் பினின்ஃபரினா வரைந்த உடல், கண்ணாடிக்குக் கீழே தெரியும் எஞ்சின். இருபத்தைந்து வருடம் உழைத்தவர் அதை வாங்கினால் எனக்கென்ன?

ஆனால் அந்தச் சாய்தளம்.

காரின் கீழ் என்ன தரை, காற்றில் எவ்வளவு ஈரம் என்றெல்லாம் விசாரித்திருக்கிறீர்கள். அம்மாவை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். குளிருக்குள் அவர் வெளியே போவதில்லையா, நீங்கள் கூட்டிப்போவதில்லையா? கண் டாக்டர், பல் டாக்டர், யாராவது வீட்டுக் கல்யாணம், தைப்பொங்கலுக்குக் கோயில் எல்லாம் ஜனவரியில் வராதா? நடக்க முடியாதவர்களுக்கான வீல்-ட்ரான்ஸ் வண்டி வாசலுக்கே வந்தாலும் வீட்டைவிட்டு இறங்க வழி வேண்டுமே. முன்வாசலில் படி இல்லையென்றால் கராஜுக்குள் எதற்குச் சாய்தளம் போட்டீர்கள்? பெப்ரவரி நடுராத்திரியில் புகை அலாரம் அடித்தால் யார் தூக்குவது? இதையெல்லாம் நீங்கள் யோசிக்கவே இல்லை. எனக்குக் கோபம் வருகிறது.

கணக்கும் சரியாக வராது. ஓரடி உயரம் ஏற 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும். உங்கள் கார் ஏறக்குறைய 15 அடி நீளம், ஆறடிக்கு மேல் அகலம். ஒற்றைக் கராஜில் இரண்டும் ஒன்றாக நிற்காது. அது தெரிந்துதான் ஒன்றைக் கழற்றப் பார்க்கிறீர்கள்.

இந்த விஷயத்தில் நான் பழைய ஆள். நடக்க முடியாத தாய் இருக்கும் வீட்டில் வாசல் முதலில் அவருக்கு. அதை வருடத்தில் ஆறு மாதம் பூட்டிவைக்க மகனுக்கு உரிமை கிடையாது, கடன் கட்டி முடித்த மகனுக்கும்கூட.

அப்புறம் மனைவி. ஏன் விருப்பமில்லை என்று நீங்கள் எழுதவே இல்லை, கேட்டீர்களோ என்னவோ. அந்த நாற்காலியைத் தினமும் தள்ளுவது யார் தம்பி? அவர்தான் என்றால் அவரைச் சமாளிக்க என்னிடம் யோசனை கேட்காதீர்கள். பணத்துக்காக மறுக்கிறார் என்று நினைத்துக் கணக்குக் காட்டிக்கொண்டிருப்பீர்கள். அவர் கண்ணில் அம்மா வெளியே போகும் அந்த வாசல்தான் படுகிறது.

குளிர்காலத்துக்கு, சூடாக்கிய இடத்தில் கார்களை நிறுத்திப் பார்த்துக்கொள்ளும் கிடங்குகள் ரொறன்ரோவில் உண்டு. நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை வாடகை எவ்வளவு என்று விசாரியுங்கள். அதைக் காரின் விலை, காப்புறுதி, பெல்ட் செலவு எல்லாவற்றோடும் கூட்டுங்கள். வாடகை கட்டுபடியாகவில்லை என்றால் காரும் கட்டுபடியாகாது. ஆகும் என்றால், ஃபெராரி தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, பில்களைப் பார்த்து வாங்குங்கள். சாய்தளத்தில் ஓர் ஆணியைக்கூடத் தொடாதீர்கள்.