பாட்டுக்கும் அளவு எழுத வேணும்: இசை, உளநல ஆய்வு நிதி பற்றிச் சில கேள்விகள்

"பாரம்பரிய இசையால் மனவழுத்தம் குறையும் என்று ஆய்வு நிதி விண்ணப்பத்தில் எழுதினேன், 'இசைத் தலையீடு (சுகத்துக்காக இசையைக் கொடுக்கும் முறை) தெளிவில்லை' என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். என்ன தெளிவில்லை?" (முள்ளியவளை)

எந்தப் பாரம்பரிய இசை? உங்கள் பக்கத்துக் கோவலன் கூத்தும் அதுதான், கோயில் உடுக்குப் பாட்டும் அதுதான், செத்த வீட்டு ஒப்பாரியும் அதுதான், ஆனால் மூன்றும் மனதுக்குள் செய்கிற வேலை ஒன்றா? விண்ணப்பத்தை எங்கேயோ இருந்து வாசிக்கிறவருக்கு உங்கள் முற்றம் தெரியாது. குளிசை என்றால் எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று எழுதுவோமே, பாட்டுக்கும் அப்படித்தான். இசைத் தலையீடுகளை எப்படி விவரிப்பது என்று இசைச் சிகிச்சை ஆய்வாளர் ஷெரி ரொப்பும் கூட்டாளிகளும் 2011இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். அது 7 விடயம் கேட்கிறது: ஏன் வேலை செய்யும் என்கிற கோட்பாடு, என்ன இசை, எத்தனை தடவை எவ்வளவு நேரம், யார் நடத்துவது, எழுதியபடி நடந்ததா என்று எப்படிப் பார்ப்பது, எந்த இடம், தனியாகவா கூட்டாகவா. ஆக, "செவ்வாய், வெள்ளி பின்னேரம் 4 மணி, வாசிகசாலை மண்டபம், 12 பெண்கள், மத்தளத்தோடு கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியார், 45 நிமிடம், முதல் 10 நிமிடம் கேட்பது மட்டும், அப்புறம் எல்லாரும் பின்பாட்டு, 8 வாரம்" என்று எழுதுங்கள். இப்படி எழுதத் தொடங்கினால்தான் சுகம் கேட்பதில் வருகுதா, வாய்விட்டுப் பாடுவதில் வருகுதா என்கிற உங்கள் உண்மையான கேள்வியே வெளியில் வரும்.

"பாட்டு இல்லாத ஓர் ஒப்பீட்டுக் குழுவும் வேணும் என்று கேட்கிறார்கள். பாதிப் பேரைப் பாட்டில்லாமல் விட மனம் வரவில்லை." (மாங்குளம்)

அந்த மனம் சரியானதுதான். 8 வாரம் கழித்து அவர்களுக்கும் அதே பாட்டு என்று காத்திருப்புக் குழு வைக்கலாம், ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கு: மனவழுத்தம் குறைந்தது பாட்டாலா, கூடியிருந்து பிளேன்ரீ குடித்துக் கதைத்ததாலா? 2009இல் போர் முடிந்த பிறகு தனித்துப்போன ஓர் அம்மாவை வாரத்தில் 2 நாள் ஒருவர் "வாங்கோ" என்று கூப்பிடுவதே பெரிய விஷயம். அதனால் இரண்டாவது குழுவுக்கும் அதே மண்டபம், அதே நேரம், அதே தேத்தண்ணி கொடுங்கள், பாட்டுக்குப் பதில் பாய், பெட்டி பின்னும் பன்னவேலை. ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் பாட்டு உண்டு என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

"மனவழுத்தத்தை அளக்கும் பிஎச்கியூ-9 கேள்விக்கொத்து தமிழில் இருக்குத்தானே, அப்படியே போடலாமா?" (வவுனியா)

போடலாம், கட்டணமும் இல்லை. 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் கூடினது 27. ஆனால் முதலில் ஊரில் ஐந்தாறு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். இங்கே அம்மாமார் மனவழுத்தம் என்று சொல்வதில்லை, "நெஞ்சு பாரமாக் கிடக்கு", "ஒரே யோசினை" என்பார்கள். இதைவிட முக்கியம் 9வது கேள்வி. அது சாகிற எண்ணத்தைக் கேட்கிறது. ஒருவர் ஓம் என்றால் அன்று பின்னேரமே யாருக்குச் சொல்வீர்கள், வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கு யார் கூட்டிப்போவார், வாகனம் எது? இந்தப் பந்தி இல்லாத விண்ணப்பத்தை ஒழுக்கநெறிக் குழுவுக்கு அனுப்ப நான் விடுவதில்லை. குலுக்கல் முறையில் குழு பிரிப்பதென்றால் முதல் ஆளைச் சேர்க்க முன்னமே மருத்துவ ஆய்வுகளைப் பதிகிற பொதுப் பதிவேட்டிலும் ஆய்வைப் பதிய வேணும்.

"அண்ணாவியார் காசு வேண்டாம் என்கிறார். பாதீட்டில் போட வேணுமா?" (ஒட்டுசுட்டான்)

கட்டாயம் போடுங்கள், அதுவும் 'ஏனைய செலவு' என்று கடைசியில் ஒளித்து அல்ல, ஆளணிச் செலவில், உதவி ஆய்வாளருக்குப் பக்கத்து வரியில். பாட்டு அவருடையது. வருகிறவர்களின் பஸ் காசையும் மறக்காதேங்கோ. அப்புறம் கால அட்டவணை: காலபோக நெல் அறுவடை நேரம் வயலை விட்டு யாரும் வரமாட்டார்கள், வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் கிழமையும் அப்படித்தான், அவற்றைத் தவிர்த்து 8 வாரத்தை எண்ணுங்கள்.