வாசகர் கேள்வி: மூன்று பூனைகளும் வீவக வீடும்

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீட்டில் 2024-க்கு முன்பிருந்தே மூன்று பூனைகள் வளர்க்கிறோம். ஒன்றை வெளியேற்ற வேண்டுமா? கீழே உள்ள மரக்கிளை ஜன்னலைத் தொடுகிறது, வெட்டலாமா?

பதில்: வேண்டாம். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டுக்கு இரண்டு பூனைகள்தான் வரம்பு. ஆனாலும் முன்பிருந்தே வளர்ப்பவற்றுக்கு, 2026 ஆகஸ்ட் 31-க்குள் உரிமத்துக்கு விண்ணப்பித்தால் மூன்றையும் வைத்துக்கொள்ளலாம். முதலில் மைக்ரோசிப், அதாவது பூனையை அடையாளம் காட்டும் சின்னஞ்சிறு சில்லு: கால்நடை மருத்துவர் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலடியில் ஊசியால் செலுத்துவார். அதில் இருப்பது வெறும் எண்தான்; உங்கள் தொடர்பு விவரம் அந்த எண்ணுக்கான பதிவில்தான் இருக்கும். கைபேசி எண் மாறியும் பதிவைத் திருத்தாவிட்டால், பூனை கிடைத்தும் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது. ஜன்னலுக்கு வலை கட்டாயம் போடுங்கள். கொசுவலையைப் பூனை கிழித்துவிடும்.

மரத்தில் கைவைக்காதீர்கள். அது குடியிருப்பின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் பொறுப்பு. புளோக் எண், மாடி, படத்துடன் புகார் கொடுங்கள்.