தொலையாத மடலும் நுழையாத ஸ்பாமும்: எந்த மென்பொருள்?

கேள்வி: நாற்பது பேர் பணிபுரியும் எங்கள் அலுவலகத்துக்குச் சொந்தமாக மின்னஞ்சல் சேவையகம் அமைக்க விரும்புகிறோம். ஸ்பாம் குறைய வேண்டும். ஆனால் வாடிக்கையாளரின் மடல் ஒன்றுகூடத் தொலையக் கூடாது. எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: உங்கள் கேள்வியின் பிற்பகுதியே முக்கியமானது. வடிகட்டிகள் பல உள்ளன. அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் தெரியாமல் ஒரு மடல் மறைந்துபோகாத அமைப்பு எது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

அந்த அளவுகோலின்படி நான் பரிந்துரைப்பது, லினக்ஸில் மடல்களை வாங்கி அனுப்பப் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளில் சேமித்துப் பயனருக்கு வழங்க டவ்காட், வடிகட்ட ஆர்ஸ்பாம்டி. வீட்ஸே வெனெமா ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் எழுதி 1998இல் வெளியான போஸ்ட்ஃபிக்ஸ், குறைந்த உரிமைகளுடன் இயங்கும் சிறு நிரல்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒன்றில் நேரும் கோளாறு மற்றவற்றைச் சாய்ப்பதில்லை. மடலை வட்டில் எழுதிய பிறகே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எதிர்முனைக்குச் சொல்லும். சேருமிடம் முடங்கியிருந்தால் வரிசையில் வைத்து, இயல்பான அமைப்பில் 5 நாள்கள் வரை முயன்ற பின்னரே அனுப்பியவருக்குத் திருப்பும். போஸ்ட்ஃபிக்ஸுக்கு மாற்றான எக்ஸிமும் திறமையானதே, ஆனால் அதன் அமைவுக் கோப்பு ஏறக்குறைய ஒரு நிரல்மொழி, புதியவர் அதில் எளிதில் தவறிழைப்பார்.

வடிகட்டி எது என்பதைவிட, அது எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது என்பதே பெரிது. ஆர்ஸ்பாம்டியை மில்ட்டர் என்னும் இணைப்பு வழியாகப் பொருத்தினால், எதிர்முனைச் சேவையகம் இணைப்பில் இருக்கும்போதே மடல் மதிப்பிடப்பட்டு, ஏற்பா மறுப்பா என்பது அங்கேயே சொல்லப்படுகிறது. எனவே நல்ல மடல் தவறுதலாக மறுக்கப்பட்டாலும், அனுப்பியவருக்கு அவருடைய சேவையகமே அதைத் தெரிவித்துவிடும். ஏற்றுக்கொண்ட பின் வடிகட்டினாலோ, ஓசையின்றி அழிக்க வேண்டும், அல்லது முகவரி திருடப்பட்ட அப்பாவி ஒருவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டையும் நான் ஏற்க மாட்டேன். மற்றொரு வடிகட்டியான ஸ்பாம்அசாசினையும் இவ்வாறு பொருத்தலாம். ஆயினும் அனுப்பியவர் முகவரி போலியா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் சோதனைகளையும் வெளிச்செல்லும் மடலுக்கான டிகேஐஎம் கையொப்பத்தையும் ஒரே நிரல் கவனிப்பதால் ஆர்ஸ்பாம்டி பராமரிக்க எளியது.

அதன் இயல்பு அமைப்பில் 15 புள்ளி பெறும் மடல் மறுக்கப்படும். 6 பெற்றால் ஸ்பாம் அடையாளம் மட்டும் இடப்படும். தொடக்கத்தில் 15ஐக் குறைக்காதீர்கள். அடையாளமிட்டவற்றை டவ்காட்டின் சீவ் (மடல்களைக் கோப்புறைகளாகப் பிரிக்கும் வசதி) விதி மூலம் ஸ்பாம் கோப்புறைக்கு அனுப்புங்கள். பயனர்கள் அங்கிருந்து மீட்பதையும் அங்கே தள்ளுவதையும் வடிகட்டிக்குப் பாடமாக்கலாம். நல்லது, ஸ்பாம் ஆகிய இரு வகையிலும் தலா 200 மடல்களாவது கற்பிக்கும் வரை, சொற்களின் நிகழ்தகவைக் கொண்டு கணிக்கும் அதன் பேய்ஸியன் பகுதி செயல்படாது என்பதால், முதல் வாரங்களில் பொறுமை தேவை.

பலர் தவறவிடும் ஒன்று: பொது டிஎன்எஸ் (இணையப் பெயர்களுக்கு ஐபி முகவரி தேடித் தரும் பொதுச் சேவை) வழியாக வரும் வினவல்களுக்கு, ஸ்பாம் அனுப்பும் முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்கள் பட்டியல் விவரத்துக்குப் பதில் பிழைக்குறியையே தரக்கூடும். அதைத் ‘தடை’ என்று படித்துவிடும் அமைப்பு எல்லா மடல்களையும் மறுத்துவிடும். எனவே அதே கணினியில் அன்பவுண்ட் போன்ற சொந்த டிஎன்எஸ் தீர்வியை நிறுவுங்கள்.

மென்பொருளில் கைவைக்கும் முன், வாடகைக்கு எடுக்கவிருக்கும் சேவையகத்தில், சேவையகங்களுக்கிடையே மடல் செல்லும் 25ஆம் துறை (போர்ட்) வெளிச்செல்லத் திறந்திருக்கிறதா, ஐபி முகவரிக்கு உங்கள் பெயரில் பின்னோக்கு டிஎன்எஸ் பதிவு (முகவரியிலிருந்து பெயரைக் காட்டுவது) கிடைக்குமா, அந்த முகவரி ஏற்கெனவே தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முதலிரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேறு சேவையகம் பாருங்கள்.