கிரஷர் தூள் போட்டால் வாழைக்குப் பொட்டாஷ் மூட்டை வேண்டாமா?

கேள்வி: குளித்தலை பக்கம் ஒரு ஏக்கரில் 1,000 பூவன் கன்று நடப் போகிறேன். பொட்டாஷ் விலை கட்டுப்படியாகவில்லை. கிரஷரில் சும்மா கிடக்கும் கல் தூளைக் கொட்டி, பொட்டாஷ் பாக்டீரியாவும் விட்டால் அதுவே கரைத்துக் கொடுத்துவிடும், மூட்டையே வாங்க வேண்டாம் என்கிறார்கள். நம்பிச் செய்யலாமா?

பதில்: தூளைத் தாராளமாகப் போடுங்கள் ஐயா. ஆனால் அதை நம்பி இந்த வருஷ வாழைக்குப் பொட்டாஷை நிறுத்திவிடாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். தோட்டக்கால் நிலத்தில் பூவனுக்கு மரம் ஒன்றுக்கு 330 கிராம் பொட்டாஷ் சத்து பரிந்துரை. ஆயிரம் மரத்துக்கு 330 கிலோ. மூட்டையில் 60 சதவீதம் சத்து என்பதால் 550 கிலோ, அதாவது 11 மூட்டை. கல் தூளில் 4 சதவீதம் இருப்பதாக வைத்தால் அதே 330 கிலோவுக்கு எட்டேகால் டன் தூள் வேண்டும். அதுவும் அத்தனையும் கரைந்தால்தான். கரையாது. பொட்டாஷ் கல்லின் படிகத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஒரு பருவத்தில் வெளிவருவது அதில் சிறு பங்குதான். மீதி பல வருஷம் எடுத்துக்கொள்ளும். வாழையோ மூன்றாம் மாதத்திலிருந்தே கேட்கத் தொடங்கிவிடும்.

பாக்டீரியா என்ன செய்கிறது? சிட்ரிக், ஆக்ஸாலிக் போன்ற அமிலங்களைச் சுரந்து, கல்லின் மேற்பரப்பை அரித்துச் சத்தை விடுவிக்கிறது. புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. அமிலம் சுரக்க அதற்குச் சாப்பாடு வேண்டும், ஈரம் வேண்டும். எரு இல்லாத காய்ந்த மண்ணில் தூளையும் பாக்டீரியாவையும் கொட்டினால் இரண்டும் வீண்.

எந்தக் கல் என்பதும் முக்கியம். கிரஷரில் உடைந்த ஜல்லி ஒன்றைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். ரோஸ் நிறத்தில் பளபளக்கும் துண்டுகள் பெரும்பாலும் பொட்டாஷ் பெல்ட்ஸ்பார் என்ற கனிமம். நகத்தால் கிள்ளினால் ஏடு ஏடாக உரியும் கறுப்பு மினுக்கு மைக்கா. முதலில் சத்தை விடுவது இந்தக் கறுப்பு மைக்காதான், பெல்ட்ஸ்பார் ரொம்ப மெதுவு. முழுக்கக் கறுப்பாக, சீராக இருக்கும் டோலரைட் கல்லில் பொட்டாஷ் மிகக் குறைவு, அதற்கு லாரி வாடகை கொடுக்காதீர்கள். தூள் முகப்பவுடர் மாதிரி விரலில் ஒட்ட வேண்டும். நறநறவென்று இருந்தால் அது வெறும் மணல். எம்-சாண்ட் கழுவும் இடத்தில் படியும் சேறு இதற்கு நன்றாக இருக்கும். கிரானைட் அறுக்கும் பட்டறைச் சேறு மட்டும் வேண்டாம், அதில் சுண்ணாம்பும் இரும்புத் துகளும் கலந்திருக்கலாம்.

போடும் முறை இதுதான். மரத்துக்கு 10 கிலோ தொழு உரம் எப்படியும் வைப்பீர்கள். அந்த 10 டன் எருவைக் குவிக்கும்போதே அடுக்கடுக்காக ஒரு டன் தூளைத் தூவி, பாக்கெட்டில் சொன்ன அளவு பொட்டாஷ் பாக்டீரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். நிழலில், பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில், இரண்டு மூன்று மாதம் கிடக்கட்டும். நேரடியாக வயலில் தூவுவதைவிட இது எவ்வளவோ மேல். அப்புறம், நடும்போதும் ஐந்தாம் மாதமும் மரத்துக்கு தழைச்சத்துக்கான நுண்ணுயிர் அசோஸ்பைரில்லம் 20 கிராம், மணிச்சத்துக்கான பாஸ்போபாக்டீரியா 20 கிராம் வையுங்கள். ரசாயன உரத்தோடு கலந்து வைக்கவே கூடாது. நுண்ணுயிரை முதலில் வைத்து, சில நாள் விட்டு உரம் வையுங்கள். பாக்கெட்டில் காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். வெயில் படும் கடையில் கிடந்ததை வாங்காதீர்கள்.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். கல் தூளை உலர்ந்த நிலையில் அள்ளாதீர்கள். அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் வெளியே வராது, சிலிகோசிஸ் நோய்க்கு மருந்தும் கிடையாது. நனைத்த பிறகே மண்வெட்டி வையுங்கள். வேலை செய்பவர்களுக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். முகத்தில் துண்டு கட்டினால் போதாது.

செலவைக் குறைக்க வேண்டும் என்றால் அதற்கு வேறு கழிவுகள் இருக்கின்றன. சர்க்கரை ஆலையை ஒட்டிய சாராய வடிப்பாலையின் கழிவுநீரை எரித்த சாம்பலிலிருந்து வரும் பொட்டாஷ் உரத்தில் 14.5 சதவீதம் சத்து உண்டு. 2021 முதல் மத்திய அரசின் மானியத்திலும் சேர்ந்திருக்கிறது. கூட்டுறவுக் கடையில் கேளுங்கள். சத்துக் கிலோவுக்கு எவ்வளவு விழுகிறது என்று மூட்டையோடு ஒப்பிட்டு வாங்குங்கள். அப்புறம், தார் வெட்டிய மரத்தை வரப்பில் எறியாதீர்கள். வாழை எடுத்த பொட்டாஷில் பெரும் பங்கு அந்தத் தண்டிலும் இலையிலும்தான் இருக்கிறது. நறுக்கி அங்கேயே மூடாக்காகப் போட்டால் அடுத்த பயிருக்கு வந்து சேரும்.

நடுவதற்கு முன் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். கிடைக்கும் பொட்டாஷ் ஹெக்டேருக்கு 280 கிலோவுக்கு மேல் என்று வந்தால் மூட்டையைத் தைரியமாகக் குறைக்கலாம். 118-க்குக் கீழே என்றால் குறைக்கவே வேண்டாம். இடையில் இருந்தால் இரண்டு வரிசையில் மட்டும் கல் தூள் கலந்த எருவை வைத்து, கால் பங்கு பொட்டாஷைக் குறைத்துப் பாருங்கள். அந்த வரிசைகளில் அடி இலையின் நுனியும் ஓரமும் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகிக் கருகி, இலை நடுநரம்பில் மடிந்தால் உடனே மீதியை வைத்துவிடுங்கள். இல்லையென்றால் தாரை எடை போட்டு மற்ற வரிசைகளோடு ஒப்பிட்டுவிட்டு, அடுத்த வருஷம் எவ்வளவு குறைக்கலாம் என்று முடிவு செய்யலாம்.