வணிகவியல் படிக்கும் மகள் டிசைன் பட்டப்படிப்பில் சேர முடியுமா?

விருதுநகரிலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார்: "என் மகள் பிளஸ் ஒன்னில் வணிகவியல் பிரிவில் படிக்கிறாள். நன்றாக வரைவாள், டிசைன்தான் படிப்பேன் என்கிறாள். அறிவியல் பிரிவு எடுத்தவர்களுக்குத்தான் அந்தப் படிப்பு கிடைக்கும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். தனியார் கல்லூரி ஒன்று, எல்லா மென்பொருள்களையும் கற்றுத்தருவதாகச் சொல்லி இப்போதே முன்பணம் கேட்கிறது. கட்டலாமா?"

உறவினர்கள் சொல்வது பெரும்பாலும் சரியல்ல. மும்பை ஐஐடி, அகமதாபாதில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடி, சென்னை தரமணியில் உள்ள, ஆடை வடிவமைப்புக்கான தேசிய நிறுவனமான நிஃப்ட் ஆகியவற்றின் நான்காண்டு பி.டெஸ். என்ற டிசைன் இளநிலைப் படிப்பில் எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்தவரும் சேரலாம். நிஃப்டின் ஆடைத் தொழில்நுட்பப் பட்டத்துக்கு மட்டும் பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். மற்ற ஐஐடிகளின் நிபந்தனைகளை அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த டிசைன் படிப்புகளுக்கு, பொறியியலுக்கான ஜேஇஇ எழுதத் தேவையில்லை. மும்பை ஐஐடி நடத்தும் யூசீட் (UCEED) என்ற டிசைன் நுழைவுத் தேர்வின் வழியாக டெல்லி, குவாஹாட்டி, ஹைதராபாத் உள்ளிட்ட ஐஐடிகளுக்கும் விண்ணப்பிக்கலாம். என்ஐடிக்கும் நிஃப்டுக்கும் தனித்தனித் தேர்வுகள் உண்டு.

பாடப்பிரிவைக் காட்டிலும் நம் குடும்பங்களை ஏமாற்றிவிடுவது நாட்காட்டிதான். மே மாதம் முடிவு வந்த பிறகு கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தே பழகியவர்கள் நாம். டிசைன் நுழைவுத் தேர்வுகளின் முதல் கட்டமோ பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. யூசீட் தேர்வுக்கு அக்டோபர் வாக்கில் விண்ணப்பம் தொடங்கி, ஜனவரியில் தேர்வு நடக்கும். திறமையான பிள்ளைகள் பலர், மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த பிறகு விசாரிக்க வந்து, ஓராண்டை இழந்து நிற்பதைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது. யூசீட் தேர்வை இரண்டு முறைதான், அதுவும் அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் எழுத முடியும் என்பதால், முதல் வாய்ப்பை வெறும் ஒத்திகையாக எண்ணிவிட வேண்டாம்.

"நன்றாக வரைவாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல தொடக்கம். ஆனால் நடிகரின் முகத்தைப் புகைப்படம் போல வரையும் திறனை இந்தத் தேர்வுகள் சோதிப்பதில்லை. யூசீட் தேர்வின் முதல் பகுதி கணினியில் நடக்கிறது: ஒரு பொருளைத் திருப்பினால் எப்படித் தெரியும், மடித்த தாளை விரித்தால் துளைகள் எங்கே இருக்கும் என்பது போன்ற, மனக்கண்ணால் பார்த்து விடை காண வேண்டிய கேள்விகள் அதில் நிறைய வரும். தாளில் வரையும் இரண்டாம் பகுதியை, முதல் பகுதியில் உரிய மதிப்பெண் பெற்றவர்களுக்கு மட்டுமே திருத்துகிறார்கள். நிஃப்டிலும் என்ஐடியிலும் அடுத்த கட்டத்தில் கையில் பொருள்களைக் கொடுத்து ஏதேனும் ஒன்றைச் செய்து காட்டச் சொல்வதுண்டு.

இதற்கு வீட்டிலேயே பயிற்சி எடுக்கலாம். உதாரணமாக, அடுக்களையில் இருக்கும் எவர்சில்வர் டிபன் கேரியரை மகள் முன்னால் வையுங்கள். மேல் அடுக்கின் அடிப்பகுதியே கீழ் அடுக்குக்கு மூடியாக அமைந்திருப்பதையும், பக்கவாட்டுச் சட்டம் எல்லா அடுக்குகளையும் சேர்த்து இறுக்குவதையும் அவள் கவனிக்கட்டும். மூடிய நிலையில் ஒருமுறை, அடுக்குகளைப் பிரித்து வைத்து ஒருமுறை, மேலிருந்து பார்ப்பதுபோல் ஒருமுறை வரையட்டும். பேருந்தில் சாய்ந்தால் சாம்பார் எந்த இடத்தில் கசியும், மூட்டுவலி உள்ள பாட்டி கிளிப்பைத் திறக்கும்போது எந்த விரலுக்கு வலி அதிகம், அதை எப்படி மாற்றலாம் என்று பக்கத்திலேயே குறித்து வைக்கட்டும். இப்படி நாளுக்கு ஒரு பொருள் என்று பழகினால், நிழலிடும் உத்திகளை மட்டும் கற்றுத்தரும் பயிற்சி வகுப்பால் தர முடியாத கவனம் அவளுக்கு வரும். யூசீட் முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் அதன் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

தனியார் கல்லூரி விஷயத்தில் சற்று நிதானம் தேவை. மென்பொருள் ஒரு கருவி மட்டுமே. அதைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம், சில ஆண்டுகளில் அது மாறியும்விடும். ஆகவே நேரில் போய், மரம், உலோகம், களிமண் வேலைக்குப் பட்டறை இருக்கிறதா, அதில் உண்மையிலேயே மாணவர்கள் வேலை செய்கிறார்களா என்று பாருங்கள். இறுதியாண்டு மாணவர்களின் திட்டப்பணிகளைக் காட்டச் சொல்லுங்கள். அழகான இறுதிப் படம் மட்டும் இருந்து, யாரைச் சந்தித்தார்கள், எந்த மாதிரிகளைச் செய்து பார்த்துக் கைவிட்டார்கள் என்ற தடமே இல்லையென்றால் அங்கே டிசைன் கற்பிக்கப்படவில்லை என்றே நான் கொள்வேன். தருவது யுஜிசி அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் பட்டமா, வெறும் சான்றிதழா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நுழைவுத் தேர்வில் இடம் கிடைக்காவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. 1850-இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியிலோ, காட்சித் தொடர்பியல் எனும் விஸ்காம் பட்டப்படிப்பிலோ சேர்ந்து, பிறகு முதுநிலைக்கான சீட் (CEED) நுழைவுத் தேர்வு எழுதி முதுநிலை டிசைனுக்குப் போகலாம். பிளஸ் டூவுக்குப் பிறகு குறைந்தது மூன்றாண்டுப் பட்டம் இருந்தால் அதை எழுதலாம். 2010-இல் தேர்வான ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார், அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்த பிறகுதான் மும்பை ஐஐடியில் முதுநிலை டிசைன் படித்தார். தமிழ் எழுத்துருவியலில் முனைவர் ஆய்வும் அங்கேதான் செய்தார்.

எனவே முன்பணத்தை இப்போது கட்ட வேண்டாம். மகள் பிளஸ் டூவுக்குப் போனதும், செப்டம்பர் முதலே மூன்று தேர்வுகளின் அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் தேவைப்பட்டால், மத்திய அரசு நிறுவனங்கள் கேட்கும் படிவத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.